தூங்கிய கார்டும் பெரியப்பாவின் முறைத் தண்ணீரும்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. ‘மிச்சம்’ என்று எங்கே எழுதியிருந்தாலும் கை தானாக அங்கே போய்விடும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பேஸ்ட் டியூபைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதை வழிக்காமல் அம்மா தூக்கிப் போட்டதே இல்லை. நான் ஆர்க்கிடெக்சர் படித்தவள், இதெல்லாம் எனக்கு ஒட்டாது என்று நினைத்திருந்தேன். ஒட்டியது. அதுவும் என் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில், கொச்சிக்காரர்கள் கண்ணெதிரே, பெரியப்பாவின் பாவக்காய்ப் பந்தலில் பாதியைக் காயப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தது.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. இன்னும் நாலு கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு. ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளத்தில் வரும், அதைப் படித்துவிட்டுத் திட்டுவது மட்டும் தமிழில் நடக்கும். அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. பங்குக் கிணறு. ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு குடும்பம். இரண்டு நாள் பெரியப்பா முறை, அடுத்த இரண்டு நாள் அப்பா முறை. கோடையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் கிணறு தரை தட்டிவிடும். மோட்டாரைத் தாங்குகிற அளவுக்கு வோல்டேஜ் வருவதும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரைதான்.

அண்ணனும் தம்பியும் மற்ற எல்லாவற்றிலும் ஒற்றுமை. ஒரே பைக்கில் சந்தைக்குப் போவார்கள், ஒரே செய்தித்தாளைக் கிழித்துப் பாதிப் பாதி படிப்பார்கள். ஆனால் முறையை மட்டும் ஒருவரிடம் ஒருவர் கேட்கமாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து ஒரு தடவைகூட மாற்றிக்கொண்டதில்லை. மூத்த மகளுக்குப் பிரசவமான அன்று பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வந்து, மோட்டார் போட்டு, கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பேரன் முகத்தைப் பார்க்கப் போனார். பெரியம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை என்பது வேறு கதை.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு லேப்டாப் வாங்கப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். மெலிசாக, கனமில்லாமல் ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்து, “இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ்தானுங்க, ஆனா படிக்கிற புள்ளைக்குத் தாராளமாப் போதும்” என்றார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.) எட்டு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தேன் அல்லவா. இன்டக்ரேட்டடுக்கும் டெடிகேட்டடுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த மனிதருக்கே வகுப்பெடுத்தேன். பிராசசர், கிராபிக்ஸ் மெமரி, கூலிங் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அப்பா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மிணி, அவரு போதும்ங்கறாரு. நீ பத்தாதுங்கறே. எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு.”

அப்போதுதான் அந்த உவமை என் வாயில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

“இன்டக்ரேட்டட்ங்கறது பங்குக் கெணறு மாதிரிங்கப்பா. லேப்டாப்போட மூளைக்கும் படம் காட்டறதுக்கும் ஒரே மெமரி. அதுல இருந்துதான் ரெண்டும் எடுத்துக்கணும். வேலை ஜாஸ்தியானா ரெண்டுக்கும் பத்தாது. டெடிகேட்டட்னா படத்துக்குன்னே தனிக் கார்டு, தனிக் கெணறு, தனி மோட்டாருங்க. யாருகிட்டயும் மொறை கேக்க வேண்டியதில்ல.”

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இருபது வருஷமாக முறைக்குக் காத்திருந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடைக்காரரிடம் திரும்பி, “தனிக் கெணறே குடுங்க” என்றார்.

குடுத்தார்கள். இரண்டரைக் கிலோ லேப்டாப், அதற்குச் செங்கல் கனத்தில் ஒரு அடாப்டர். ஊருக்கு வந்ததும் அப்பா சந்திக்கிற ஆளிடமெல்லாம் இதையே சொன்னார். பால் சொசைட்டியில் சொன்னார். வில்லேஜ் ஆபீசில் வரி கட்டப்போன இடத்தில் சொன்னார். “என்ற புள்ளைக்குத் தனிக் கெணறு வெச்ச லேப்டாப்புங்க. பங்குன்னாலே தொந்தரவு, பாருங்க.” பெரியப்பா காதுக்கு இது போகாமல் இருக்குமா? போனது.

முதல் வாரத்திலேயே ஒரு பிரச்சினை. கரண்ட் போனால் பேட்டரி முக்கால் மணி நேரத்தில் படுத்துக்கொண்டது. 3டி சாப்ட்வேரைத் திறந்தால் உள்ளே இருக்கும் விசிறி போடுகிற சத்தத்தில் கோழிகள் கலைந்தன. எங்கேயோ தேடிப் படித்து, செட்டிங்ஸுக்குள் போய், அந்த சாப்ட்வேருக்கு நேராக ‘மின்சாரம் மிச்சம்’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருப்பதைக் கண்டுபிடித்தேன். மிச்சம். கை போயிற்று. அமுக்கினேன். அதற்கப்புறம் சத்தம் நின்றது, பேட்டரி நாலு மணி நேரம் நின்றது. அப்பாவிடம் சொன்னபோது, “மிச்சம் புடிக்கத் தெரிஞ்ச புள்ளை எங்க போனாலும் பொழைச்சுக்கும்” என்று பெருமைப்பட்டார். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அடுத்த எட்டு மாதம் அந்த லேப்டாப்பில்தான் என் கடைசி வருஷ வேலைகள் எல்லாம் நடந்தன. ஒன்று சொல்லவேண்டும், அது திக்கித் திணறித்தான் ஓடியது. ஒரு வீட்டை 3டி-யில் சுற்றிக் காட்டச் சொன்னால், வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே போகும். நான் குற்றத்தை என்மேலேயே போட்டுக்கொண்டேன். இவ்வளவு பெரிய கார்டே திணறுகிறது என்றால் நம் டிசைன்தான் கனமாக இருக்கிறது என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றாக இளைக்க வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத சுவரின் பின்பக்கத்தை எடுத்தேன். கதவுக்குக் கீலே வைக்கவில்லை. நாற்பது தென்னை மரம் வேண்டுமென்றால் ஒரே மரத்தைச் செய்து நாற்பது இடத்தில் காட்டினேன். (இதுவும் எங்கள் குடும்ப வியாதிதான். அப்போது தெரியவில்லை.)

படிப்பு முடிந்து, கொச்சியில் ஒரு கட்டட டிசைன் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். வகுப்பில் பாதிப்பேர் விண்ணப்பித்த இடம். எடுப்பது ஒரே ஒரு ஆளை. ஆன்லைனில் தேர்வு, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நம் லேப்டாப்பில் நம் டிசைனைத் திறந்து அவர்கள் கண்முன்னே சுற்றிக் காட்டவேண்டும், சொல்கிற மாற்றத்தை அங்கேயே செய்யவேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை ஜாதகம் எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் அதைத் தொடுவதில்லை என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

தேர்வுக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு இடி விழுந்தது. டெடிகேட்டட் கார்டு முழு பலத்தோடு ஓட வேண்டுமென்றால் அடாப்டர் செருகியிருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். கிணற்று மோட்டார் ஓடும்போது எங்கள் வீட்டு வோல்டேஜ் இறங்கி, டியூப் லைட் கண்ணடிக்கும், அடாப்டரின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரியும். எங்கள் பழைய இன்வெர்ட்டர் ஒரு விசிறியையும் இரண்டு விளக்கையும் தாங்கும், அந்தச் செங்கல்லைச் செருகினால் கீச்சென்று கத்தும். ஆகவே மோட்டார் ஓடக்கூடாது. காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குப் பெரியப்பா முறை.

“மாமா ஊட்டுக்குக் கோயமுத்தூருக்குப் போயி எழுது” என்றார் அம்மா. மாமா வீட்டுக்குக் கீழே கல்யாண மண்டபம், அன்றைக்கு முகூர்த்த நாள். நாதஸ்வரத்தோடு நேர்முகத் தேர்வு நடத்த முடியாது.

அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

“நாங் கேக்கமாட்டேன் அம்மிணி. அண்ணன்கிட்ட நான் மொறை கேட்டதில்ல. வேணும்னா நீ போ. நீ சின்னப் புள்ளை, கேக்கலாம்.”

போனேன். பெரியப்பா பந்தலுக்குக் கீழே நின்று கொடியைக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வா சாமி. என்ன இந்நேரத்துல?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். தேர்வு, வோல்டேஜ், அடாப்டர். பெரியப்பா கொடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

“அதென்னவோ தனிக் கெணறுன்னு உங்கொப்பன் ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சானே. அப்பறம் எதுக்கு என்ற மொறை?”

“அது வந்துங்க பெரியப்பா... தனிக் கெணறுதானுங்க. ஆனா கரண்ட்டு ஜாஸ்தி கேக்குமுங்க.”

“ஓ. அப்ப பங்குக் கெணறு வெச்ச லேப்டாப்பா இருந்தா?”

“அதுக்கு அவ்வளவு கரண்ட்டு வேண்டியதில்லீங்க. பேட்டரியிலயே ஓடுமுங்க.”

“செரி. அதுல என்ன குத்தங் கண்டே?”

பங்குக் கிணற்றின் குற்றங்களை, பங்குக் கிணற்றின் பங்காளியிடமே, அவருடைய முறைத் தண்ணீரைக் கேட்க வந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பெரியப்பா பந்தலைப் பார்த்தார். பூவும் பிஞ்சுமாக நின்றது. இரண்டு நாள் முறையில் முதல் நாள் மேற்குப் பாதிக்கு விடுவார், இரண்டாம் நாள் கிழக்குப் பாதிக்கு. என் தேர்வு இரண்டாம் நாளில் வந்தது. அதை விட்டால் அடுத்த இரண்டு நாள் எங்கள் முறை. பங்குனி வெயிலில் கிழக்குப் பாதிப் பந்தல் அதுவரை தாங்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, “வேலை கெடைக்குமா?” என்றார்.

“கெடைச்சாலும் கெடைக்குமுங்க.”

மறுபடி கொடியைக் கம்பியில் ஏற்றப் போய்விட்டார். தேர்வு அன்று காலை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மோட்டார் ரூமிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். அதை என் கையில் வைத்து, “உன்ற கிட்டயே இருக்கட்டும். இல்லாட்டி பழக்க தோசத்துல போயிப் போட்டாலும் போட்டுருவேன்” என்றார். அப்பா அந்தப் பியூஸ் கட்டையைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டில் போர்க்காலம். பிரிட்ஜை அணைத்தார்கள். மிக்ஸிக்குத் தடை, சட்னி அம்மியில் அரைபட்டது. பக்கத்துத் தோட்டத்து மாவு மில்லுக்கு அப்பா நேரில் போய், பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் மேசைமேல் லேப்டாப்பை வைத்து, செங்கல்லைச் செருகி, பக்கத்தில் பியூஸ் கட்டையை வைத்தேன். பெரியப்பா எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேட்டால், “என்ற தண்ணி எங்க பாயுதுன்னு பாத்துட்டுப் போறேன்” என்றார்.

பத்து மணிக்குத் திரையில் ஸ்ரீஜா மேடம் வந்தார். கண்ணாடி போட்ட, நடுவயதுப் பெண்மணி. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் வந்தது சுற்றிக் காட்டுகிற நேரம்.

என் டிசைன் ஒரு தோட்டத்து வீடு. வாசலில் தென்னை மரங்கள், பின்னால் மாட்டுக் கொட்டகை. சுட்டியை நகர்த்தினேன். வீடு நகரவில்லை. பிறகு ஒரேயடியாக நகர்ந்து, சுவரைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையில் போய் நின்றது.

“வோல்டேஜ் பிரச்சினைங்க மேடம்” என்றேன். “எங்க ஏரியாவுல கொஞ்சம் லோ.”

(பெரியப்பா எனக்குப் பின்னால் கனைத்தார். அவருடைய மோட்டார் அன்றைக்கு ஓடவே இல்லை. டியூப் லைட் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.)

“கார்டு ஏதா மோளே?” என்ன கார்டு மகளே என்கிறார்.

“டெடிகேட்டட்ங்க மேடம்.” அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததைப் பெரியப்பா இன்றும் நடித்துக் காட்டுவார்.

“ஆணோ?” அப்படியா என்று கேட்டார். “எங்கில் டாஸ்க் மேனேஜர் ஒண்ணு துறக்கூ. பெர்பார்மன்ஸ் காட்டு.”

திறந்தேன். லேப்டாப்பின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று இடது பக்கம் வரிசையாகக் கட்டங்கள். ஜிபியு 0 என்று ஒன்று, அதுதான் இன்டக்ரேட்டட். தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஜிபியு 1, என் தனிக் கிணறு. சைபர்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சைபர் சைபராகவே இருந்தது. மேடமும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெரியப்பாவின் குரல் மைக்குக்குள் நன்றாக விழுந்தது.

“அம்மிணி, அந்த ரெண்டாமத்தது எதுக்குச் சைபருன்னு காட்டுது?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பியூஸ் கட்டை மேசைமேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அதுதானுங்க பெரியப்பா தனிக் கெணறு. அது ஓடவே இல்லீங்க.”

“இன்னிக்கா?”

“எட்டு மாசமாவுங்க. நானே மிச்சம்னு ஒண்ண அமுக்கி, அதத் தூங்க வெச்சிருக்கறனுங்க. பங்குக் கெணறு ஒண்ணுதான் இவ்வளவு நாளா எல்லா வேலையும் பாத்திருக்குதுங்க.”

“அப்ப பேட்டரியிலயே ஓடியிருக்குமா?”

“ஓடியிருக்குமுங்க.”

“அப்ப என்ற தண்ணி?”



“ஏது வெள்ளம்?” என்றார் மேடம். கொச்சியில் தண்ணீரை அப்படித்தான் கேட்பார்கள். நான் சமாளிப்பதற்குள் பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார். கேமராவை நேராகப் பார்த்து, நிலம் பிரிந்ததிலிருந்து ஆரம்பித்தார். முறை எப்படி, பந்தல் எப்படி, மேற்குப் பாதி எது, கிழக்குப் பாதி எது, தன் தம்பி பால் சொசைட்டியில் என்ன சொன்னான் என்பதுவரை, ‘ஏனுங்க, நீங்களே சொல்லுங்க’ என்று நடுநடுவே அவரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, முழுவதையும் சொல்லி முடித்தார். மேடம் சிரித்த சிரிப்பில் அவருடைய கேமரா ஆடியது. நான் பூமி பிளக்கக் காத்திருந்தேன். கோடையில் எங்கள் பூமி ஏற்கெனவே பிளந்துதான் இருக்கும், எனக்கு மட்டும் வழி விடவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. மணி பத்தே முக்கால். பியூஸ் கட்டையை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினேன்.

“இப்பப் போனாலும் பாதிக்கு மேல பாஞ்சுருமுங்க பெரியப்பா. பேட்டரி இருக்குது. நீங்க மோட்டாரப் போடுங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தார்.

“இந்தப் பொட்டி கரண்ட்டுலதான ஓடுது?”

“ஆமாங்க. இன்வெர்ட்டர்ல சேர்க்கலீங்க.”

“நாம் மோட்டாரப் போட்டு, இது அமுந்து, அந்தம்மா பாதியில காணாமப் போயிட்டா?” பியூஸ் கட்டையை வாங்கி மறுபடி மேசைமேல் வைத்தார். “நீ முடி. பாவக்கா அடுத்த வருசமும் காய்க்கும்.”

எனக்கு அழுகை வந்தது. மகள் பிரசவத்துக்கே முறையை விடாத மனிதர், அது வீண் என்று தெரிந்த பிறகும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தெரியாமல் கொடுத்ததைவிடத் தெரிந்து கொடுத்தது எவ்வளவு பெரிது என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

மேடம் சொன்னபடி செட்டிங்ஸுக்குப் போய் மிச்சத்தை எடுத்துவிட்டு, சாப்ட்வேரை மூடித் திறந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தனிக் கிணறு எழுந்தது. விசிறி உறுமிய உறுமலில் அம்மா சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, “மோட்டாரு போட்டது யாரு?” என்றார். திரையில் வீடு தண்ணீரில் படகு போவதுபோல நழுவிச் சுற்றியது. நானே என் வீட்டை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மேடம் சிரிப்பை நிறுத்தியிருந்தார். “பழையபடி வை” என்றார். “ஒண்ணாமத்ததில், ஆ இன்டக்ரேட்டடில் தன்னே காட்டு.” மறுபடி மாற்றினேன். பைலின் அளவைக் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். நாற்பது தென்னையையும் எப்படிச் செய்தேன், கதவுக்கு ஏன் கீல் இல்லை, சுவருக்கு ஏன் பின்பக்கம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் குற்றவாளிபோலப் பதில் சொன்னேன். திணறிற்று, அதனால் குறைத்தேன். திணறிற்று, அதனால் எடுத்தேன்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். மற்றவர்கள் எல்லாரும் பெரிய கார்டு வைத்துக்கொண்டு மலை மலையாகச் செய்து அனுப்புகிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் அதைத் தங்கள் சாதாரண லேப்டாப்பில் திறந்தால் அது அங்கேயே செத்துப்போகிறது. “நம்மட கஸ்டமருக்கு எல்லாம் இந்தப் பாவம் ஒண்ணாமன் மட்டுமே உள்ளு மோளே. அவனில் ஓடுறது செய்ய ஒரு ஆளைத்தான் நான் தேடுறேன்.”

மூன்றாம் நாள் வேலை கிடைத்த மெயில் வந்தது. ஜாதகம் சாமி படத்துக்குப் பின்னாலேயே தூங்கப் போனது.

ஆனால் தேர்வுக்கு அடுத்த நாள் நடந்ததைத்தான் ஆனைகட்டியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தை எல்லா விசேஷத்திலும் சொல்வார். அன்றைக்கு அப்பா முறை. காலையில் அப்பா பியூஸ் கட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“இன்னிக்கு நீங்க உட்டுக்கங்க.”

“எதுக்கு? உன்ற மொறை, நீ உடு.”

“நேத்து நீங்க உட்டுக் குடுத்தீங்கல்ல.”

“புள்ளைக்குக் குடுத்தேன். உனக்கா குடுத்தேன்?”

ஒன்பது மணியானது. பத்தானது. அண்ணன் தீண்டமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தார், தம்பி தொடமாட்டேன் என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். நடுவில் கிணறு நிறைந்து நின்றது. பங்குனியில் அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. இரண்டு தோட்டமும் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பெரியம்மாவும் அம்மாவும் வந்தார்கள். ஒருவர் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மோட்டாரைப் போட, ஒருவர் மண்வெட்டியோடு போய் இரண்டு பக்கத்து மடையையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். தண்ணீர் இரண்டு வாய்க்காலிலும் பாதிப் பாதியாகப் போயிற்று. ஆண்கள் இரண்டு பேரும் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

கிழக்குப் பாதிப் பந்தல் பாதிதான் பிழைத்தது. அதில் காய்த்த முதல் பாவக்காய்கள் குட்டையாக, கோணலாக, நாக்கு சுருண்டுபோகிற கசப்போடு இருந்தன. பெரியப்பா அவற்றை ஒரு பையில் போட்டு, நான் கொச்சிக்கு ரயில் ஏறும்போது கொடுத்தார். ஹாஸ்டலில் வறுத்துச் சாப்பிட்டேன். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

இப்போது ஆபீசில் எனக்கு மேசைக்கடியில் பெரிய கம்ப்யூட்டர், அதற்குள் பெரிய கார்டு. காலையில் போனதும் சாமி கும்பிடுகிற மாதிரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வேலை முடிந்ததும் அதே பைலை என் பழைய லேப்டாப்பில், அந்த ஒன்றாமத்தவனிடம் ஓடவிட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாறாமல் தூணில் சாய்ந்து நிற்கிற மாப்பிள்ளைகளுக்கு ‘ரெண்டாமத்தவன்’ என்று பெயர். வைத்தது அத்தை. ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பெரியப்பாவின் முதல் கேள்வி மாறுவதே இல்லை.

“அம்மிணி, உன்ற ரெண்டாமத்தவன் முழிச்சிருக்கறானா, தூங்கறானா?”

“முழிச்சிருக்கறானுங்க பெரியப்பா. உங்க பந்தலு எப்படி? வெயிலு ஜாஸ்தியாமே, தண்ணி உட்டீங்களா?”

போன வாரமும் இப்படித்தான் கேட்டேன்.

“நேத்து உங்கொப்பன் மொறை. தண்ணி போதாதுன்னு அவன்கிட்ட மொறை கேட்டுப் பாத்தேன்” என்றார் பெரியப்பா. “குடுத்துட்டான்.”